பரஸ்தானம் வைத்த பை

அறுபத்தாறு வயசு மாமி ஒருத்தி, முதுகில் மூட்டை மாதிரி ஒரு பையை மாட்டிக்கொண்டு, நியூஸிலாந்து தேசம் பூரா வாலிபப் பிள்ளைகள் ஏறுகிற பஸ்ஸில் தன்னந்தனியாகச் சுற்றிவிட்டு வந்தாள் என்றால் மயிலாப்பூர் சும்மா இருக்குமா? தெப்பக்குளத்துக்கு வடக்கே இருக்கிற அந்த மூணு மாடிக் குடியிருப்பில் இன்றைக்கும் அதுதான் பேச்சு. லிஃப்டில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள், கோயில் பிராகாரத்தில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். "எப்படி இருந்தது மாமி?" விஜயலக்ஷ்மி "நன்னா இருந்தது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். ஃபாரின் போய் வந்த கர்வம் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

கர்வமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. நடந்தது வேறே. அதைச் சொல்ல மேரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆரோக்கியமேரி சாந்தோம்காரி. மாதாகோயிலுக்குப் பின்னால், கடல் காற்று கேட்காமலே வீட்டுக்குள் வந்து உட்காரும் சந்து ஒன்றில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே பிள்ளை பெற்றவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளும் விஜியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. விஜி 'ஆத்துல', 'வந்துண்டு' என்று பேசுகிறவள். மேரி 'இன்னா', 'கீது' என்று பேசுகிறவள். டிரங்க் கால் கேட்கிறவர்களிடம் மட்டும் ரெண்டு பேரும் ரேடியோத் தமிழ் பேசுவார்கள். லைனை வைத்ததும் மேரி அந்த ஆள் பேசினதை அப்படியே திருப்பிப் பேசிக் காட்டுவாள். விஜிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்ள வேண்டி வரும்.

விஜியின் மாமியார் இருந்த காலத்தில் மேரி அந்த வீட்டு வாசல்படியைத் தாண்டியதில்லை. வருவாள், நிலைக்கு வெளியே நிற்பாள், "உள்ள வரலாமாடி?" என்று கண்ணைச் சிமிட்டிக் கேட்பாள். உள்ளேயிருந்து மாமியார் இருமுவாள். தனி டம்ளரில் காபி வாசலுக்கு வரும். "இன்னாடி, என் கையி தீட்டா, வாயி தீட்டா? எதுன்னு சொன்னா அத்த வூட்லயே கயட்டி வெச்சிட்டு வர்றேன்" என்பாள் மேரி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். விஜியும் சிரிப்பாள். 'உள்ளே வாடி' என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு மேரி தாராளமாக உள்ளே வந்து போனாள், ஆனால் படியில் நின்று அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை.

ரெண்டு பேரும் ஓய்வு பெற்றார்கள். மேரி புருஷன் முதலில் போனார். அப்புறம் விஜியின் புருஷன் ஸ்ரீவத்சன் போனார். பிள்ளை ஷ்ரவண் அடையாறில், பெண்டாட்டி மாளவிகாவோடு. மேரியின் பெண் ஜெசிந்தா அம்மாவோடேயே சாந்தோமில். பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த இந்த ரெண்டு பேருக்கும் விடிவுகாலம் மாநகரப் பேருந்து ரூபத்தில் வந்தது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று அறிவித்தார்களோ இல்லையோ, மேரி அடுத்த நாள் காலையில் மந்தைவெளி டெர்மினஸில் நின்று போன் பண்ணினாள். "கெளம்பி வாடி. கெவுர்மெண்டு நம்மள ஊர் சுத்தச் சொல்லிட்டாங்க."

அன்றைக்குப் பிடித்தது. எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறுவது. எங்கே மனசு சொல்கிறதோ அங்கே இறங்குவது. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் இறங்கிக் கொய்யாப்பழம் வாங்குவது, அடுத்த பஸ்ஸில் ஏறி தி.நகரில் இறங்கி வேடிக்கை பார்ப்பது, கால் வலித்தால் மறுபடி ஏறிவிடுவது. "எறங்கறதும் நம்ம இஷ்டம், ஏர்றதும் நம்ம இஷ்டம். ராணி மாரி கீறோம்டி" என்பாள் மேரி. கண்டக்டர்களுக்கெல்லாம் அவளைத் தெரியும்.

இந்தப் பழக்கம்தான் நியூஸிலாந்தில் கொண்டுபோய் விட்டது. ஒரு நாள் மேரி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பச்சை மலை, நீல ஏரி, நடுவில் ஒரு பஸ். "அந்த ஊர்லயும் நம்ம மாரியே ஒரு பஸ் கீதுடி! ஒருவாட்டி பாஸ் வாங்கிட்டா போதும், ஏறி எறங்கிக்கினே தேசத்தையே சுத்தலாம். வயசுப் பசங்க முதுவுல பைய மாட்டிக்கினு போறது. ஆனா கெழவி வரக்கூடாதுன்னு எங்கியும் எய்தல, நான் பாத்துட்டேன்."

"பேஷா இருக்கு. வயசான காலத்துல பசங்களோட ஒரே ரூம்ல மாடிக் கட்டில்ல படுத்துக்கணுமாமே?"

"நீ கீய படு, நான் மேல ஏறிக்கிறேன். அதான் பேஜாரா?"

செட்டாக அழைத்துப் போகும் டூரில் போகலாமே என்று ஷ்ரவண் சொன்னான். மேரி கேட்கவில்லை. "அவன் எறங்குன்னா எறங்கணும், ஏறுன்னா ஏறணும், நாம இன்னா ஆட்டுக்குட்டியா?" என்றாள். ஆசை யாரை விட்டது? விஜிக்கும் தொற்றிக்கொண்டது. பாண்டிபஜாரில் முதுகுப்பை ரெண்டு வாங்கினார்கள். விஜிக்கு ஊதா, மேரிக்குச் சிவப்பு. ஆளுக்கு அஞ்சு கிலோ அரிசியைப் பைக்குள் போட்டு மாட்டிக்கொண்டு நாகேஸ்வரராவ் பூங்காவை தினம் காலையில் சுற்றி வந்தார்கள். "மாமி, ரேஷன் கடை அந்தப் பக்கம்" என்று நடைக்கு வந்த ஒருத்தர் கேலி பண்ணினார். "வூட்டுக்கு வா, ஆக்கிப் போடறோம்" என்றாள் மேரி. அந்த மாசங்கள்தான் விஜியின் வாழ்க்கையிலேயே சந்தோஷமான மாசங்கள். கல்யாணமான புதுசில்கூட அவ்வளவு சிரித்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விமானம். டிக்கெட் எடுத்த பிறகுதான் விஜி பஞ்சாங்கத்தைப் பிரித்தாள். அன்றைக்கு அவளுக்குச் சந்திராஷ்டமம். புறப்படவே கூடாத நாள். இதற்கெல்லாம் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பரஸ்தானம். அதாவது, நீ போகிற நாள் சரியில்லையா, அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பையை மட்டும் கொண்டுபோய் வேறு ஒருத்தர் வீட்டில் வைத்துவிடு. பை புறப்பட்டால் நீ புறப்பட்ட மாதிரி. அப்புறம் எந்த நாளில் வேண்டுமானாலும் அங்கே போய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கிரகத்தையே ஏமாற்றுகிற சாமர்த்தியம்.

மேரி விழுந்து விழுந்து சிரித்தாள். "உனக்குத்தான் நாள் சரியில்ல. என் பை இன்னாடி பண்ணுச்சு?"

"சேர்ந்து போறச்சே சேர்ந்துதான் வைக்கணும். என் பை உங்காத்துல, உன் பை எங்காத்துல. வெறும் பையா வைக்கப்படாது. நீ எது இல்லாம வெளியூர் போகமாட்டியோ அதை உள்ள வைக்கணும். வச்சப்புறம் தொறக்கப்படாது."

வியாழக்கிழமை காலையில் மேரி சிவப்புப் பையோடு வந்தாள். படியில் நின்றாள். "உள்ள வரலாமாடி?" விஜி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் பையைப் பூஜை அறையில், ஸ்வாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அவளாக யோசித்து வைத்திருந்த இடம். வாயால் கேட்க முடியாத மன்னிப்பை அப்படியாவது கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். மேரி அலமாரியையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், "உங்க மாமியார் பாத்தா இன்னொருவாட்டி செத்துருவாங்க" என்றாள். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். உள்ளே என்ன வைத்தாய் என்று விஜி கேட்கவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்களே, அப்படி ஆயிற்று. சனிக்கிழமை மாதாகோயில் படி ஏறும்போது மேரிக்கு மூச்சு முட்டியது. டாக்டர் பார்த்தார். இதயத்தில் அடைப்பு, மருந்து கொடுத்துப் பார்க்கலாம், இப்போதைக்கு விமானம் கூடாது என்றார். விஜி ஓடினாள். கட்டிலில் மேரி தலையணையை அண்டக்கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் பழைய வாய்.

"ஒரே ஒரு மாசம் தள்ளிப் போட்டுக்கலாமாடி? சொம்மா ஒரு மாசம். அதுக்குள்ள நான் தாவலையாயிடுவேன்."

இங்கேதான் கதை. விஜிக்கு அந்தக் கேள்வி கேட்ட கணத்தில் என்ன தோன்றியது தெரியுமா? ஏப்ரல் தோன்றியது. மாளவிகாவுக்கு ஏப்ரலில் பிரசவம். ஷ்ரவண் இப்போதே அடையாறு வீட்டில் அம்மாவுக்கு அறை ஒழித்துவிட்டான். ஒரு மாசம் என்பது மேரி விஷயத்தில் ரெண்டு மாசமாகும், குழந்தை பிறந்துவிடும், அப்புறம் எண்ணெய்க் குளியல், தொட்டில், பள்ளிக்கூட வேன் என்று வருஷங்கள் ஓடிவிடும். இப்போது போகாவிட்டால் இந்த ஜன்மத்தில் இல்லை. இதை அப்படியே சொல்லியிருக்கலாம். மேரி நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டுப் 'போய்த் தொலை' என்று அனுப்பியிருப்பாள். ஆனால் உனக்காக நான் காத்திருக்க மாட்டேன் என்று நாற்பது வருஷச் சிநேகிதியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல விஜிக்கு வாய் வரவில்லை. வாய்க்கு வந்தது வேறு.

"பரஸ்தானம் வச்சாச்சேடி. வச்ச பை ரெண்டுல எதுவும் திரும்பி ஆத்துக்குள்ள வரப்படாது. வந்தா போறவாளுக்கு ஆகாது. பாதியில திரும்பறதும் ஆகாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். அப்படி ஒரு சாஸ்திரமே கிடையாது. பயணம் தள்ளிப்போனால் பையை எடுத்து வந்து, இன்னொரு நல்ல நாளில் மறுபடி வைத்தால் ஆயிற்று. விஜியின் மாமனார் ஒரே காசி யாத்திரைக்கு மூணு தரம் வைத்தவர். மூணு தரமும் பையைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடந்ததை விஜி கண்ணால் பார்த்திருக்கிறாள்.

மேரிக்கு என்ன தெரியும்? அவள் விஜியின் முகத்தையே பார்த்தாள். "ஆகாதா? அப்ப நீ போய்த்தான் ஆவணும்" என்றாள். 

செவ்வாய்க்கிழமை, விஜி தன் ஊதாப் பையை எடுத்துக்கொள்ள சாந்தோம் போனாள். மேரி எழுந்து வந்து தன் கையாலேயே பையை அவள் தோளில் மாட்டிவிட்டாள். நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். விஜி தன் வீட்டுச் சாவியை ஜெசிந்தாவிடம் கொடுத்து, துளசிக்குத் தண்ணீர் விடச் சொன்னாள். "அம்மா பையை எடுத்தாந்துடட்டுமா ஆன்ட்டி?" என்று ஜெசிந்தா கேட்டாள். விஜி பதில் சொல்வதற்குள் மேரி முந்திக்கொண்டாள். "அத்தத் தொடாத. அது அங்கியே கெடக்கட்டும். நானும் கெளம்பிட்டவதான். கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான்." விஜி பை வாரைச் சரிபண்ணிக்கொண்டாள். சந்து முனையில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

பஸ் நன்றாகத்தான் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரை டவுசர் போட்ட டிரைவர் ஒலிபெருக்கியில் ஜோக் சொல்லிக்கொண்டே ஓட்டினார். விஜியைத் தவிர மற்ற எல்லாரும் இருபதைச் சுற்றி. முதல் நாள் அவள் யாரையோ வழியனுப்ப வந்த பாட்டி என்றுதான் நினைத்தார்கள். விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு அறை. பிள்ளைகள் அவளுக்குக் கீழ்க் கட்டிலை விட்டுக்கொடுத்தார்கள். மேல் கட்டிலைப் பார்த்தபடி படுத்திருப்பாள். அங்கே ஒரு ஜெர்மன் பெண் தூங்கும். பாலத்திலிருந்து காலில் கயிறு கட்டிக் குதிக்கிற இடத்தில் நீங்களும் குதிக்கிறீர்களா என்று பிள்ளைகள் கேட்டபோது, "மாமியாரோட குடித்தனம் பண்ணினவளுக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்று தமிழில் சொல்லிவிட்டாள். அர்த்தம் கேட்டார்கள். இதை இங்கிலீஷில் சொன்னால் ருசிக்காது என்று விட்டுவிட்டாள். மேரி இருந்தால் குதித்தே இருப்பாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொள்வாள். யாராவது வந்து, இங்கே ஆள் இருக்கிறார்களா என்று கேட்டால், இருக்கிறார்கள் என்று வாய் சொல்லிவிடும். அப்புறம் அசடு வழியக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஏரி வந்தாலும், பனிமலை வந்தாலும், கடல் சிங்கம் பாறையில் படுத்துக்கொண்டு கொட்டாவி விட்டாலும், முதலில் தலை பக்கத்து இருக்கைக்குத்தான் திரும்பும். அழகைத் தனியாகப் பார்ப்பது ஒரு தண்டனை என்று அவளுக்கு அங்கேதான் தெரிந்தது.

தெற்குத் தீவில் ஒரு ஏரிக்கரை ஊரில் பஸ் மதியச் சாப்பாட்டுக்கு நின்றது. டிரைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்களோடு இன்னொருவர் பெயரும் பதிவில் இருக்கிறதே, வரவில்லையா என்று விசாரித்தார். விஜி சொன்னாள். அவர் சாதாரணமாக, "கவலை எதற்கு? இந்த பாஸ் ஒரு வருஷம் செல்லும். அவர் எப்போது வந்து எங்கே ஏறிக்கொண்டாலும் சரி. உங்களுக்கும்தான், இங்கே இறங்கி அவருக்காக மாசக்கணக்கில் காத்திருந்தாலும் அடுத்த பஸ் வந்துகொண்டேதான் இருக்கும்" என்றார்.

கையில் வைத்திருந்த ரொட்டியை அவள் கீழே வைத்தாள். காத்திருக்கலாம் என்பதுதான் இந்த பஸ்ஸின் விசேஷமே. அதைக் கண்டுபிடித்தவள் மேரி. அந்த பஸ்ஸில் காத்திருக்க மாட்டேன் என்று ஏறி உட்கார்ந்திருப்பவள் நான். சீ, என்ன ஜன்மம் இது என்று இருந்தது அவளுக்கு. அங்கேயே ஒரு முடிவு எடுத்தாள். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக மேரி எதிரில் உட்கார்ந்து, நான் சொன்னது பொய்யடி என்று சொல்லிவிடுவது. திட்டட்டும், அடிக்கட்டும். அப்புறம் பாஸ் முடிவதற்குள் அவளையும் கூட்டிக்கொண்டு வந்து எல்லா இடத்தையும் மறுபடி பார்ப்பது. குழந்தையை மாளவிகாவின் அம்மா பார்த்துக்கொள்ளட்டும், ஆகாயம் இடிந்து விழாது.

அன்றைக்கே போன் போட்டாள். மேரியின் குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. "எப்டி கீதுடி? ரொம்பக் குளுரா?"

"மேரி, அந்தப் பை விஷயம் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பை பத்திரமா கீது. உங்க 'ஆத்து'லயே கீது. யாரையும் தொட உடல நான். நீ கவலப்படாம சுத்திக்கினு வா."

குளிரெல்லாம் இல்லை என்று சொல்லி விஜி போனை வைத்துவிட்டாள்.  இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாது, நேரில் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆயுசெல்லாம் மற்றவர்கள் பேச லைன் போட்டுக் கொடுத்தவளுக்குத் தன் லைன் கிடைத்தபோது பேச வரவில்லை.

அதற்கப்புறம் மேரி போனை எடுக்கவில்லை. ஜெசிந்தாதான் செய்தி அனுப்பினாள். அம்மா தூங்குறாங்க. அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அம்மா ஜெபத்துல இருக்காங்க. விஜி படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள்: ஏரி, மலை, மேல் கட்டில், காலியான பக்கத்து இருக்கை. பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழும். அது போதுமாக இருந்தது அவளுக்கு. நம்பினால் சௌகரியம் என்றால் மனுஷர்கள் எதைத்தான் நம்பமாட்டார்கள்?

விமான நிலையத்துக்கு ஷ்ரவண் வந்திருந்தான். வழக்கத்துக்கு விரோதமாக அவனே பையைத் தூக்கிக்கொண்டான். அடையாறு பாலம் ஏறும்போது காரை ஓரமாக நிறுத்தினான். "அம்மா, மேரி ஆன்ட்டி போய்ட்டாம்மா. பத்து நாள் ஆச்சு. நீ வர்ற வரைக்கும் சொல்லவே கூடாதுன்னு ஆன்ட்டியே ஜெசிந்தாகிட்ட சத்தியம் வாங்கிண்டிருக்கா." விஜி அழவில்லை. "வண்டியை சாந்தோம் விடுடா" என்றாள்.

ஜெசிந்தா அவளைக் கண்டதும் வாசலுக்கே ஓடி வந்து கட்டிக்கொண்டாள். உள்ளே கூட்டிப் போய், மேரியின் கட்டிலிலேயே உட்கார வைத்து, காபி போட்டுக் கொடுத்தாள். சுவரில் மேரியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மருந்து கேக்கல ஆன்ட்டி. திடீர்னு மோசமாயிடுச்சு. உங்களுக்குச் சொல்றேன்னு போனை எடுத்தேன், அம்மா புடுங்கி வெச்சிக்கிச்சு. பாதி வழில திரும்பனா விஜிக்கு ஆகாதுன்னு ஒரே புடி. சாமியார் வந்து கடைசி எண்ணெய் தடவி அவஸ்தைப்பூசுதல் குடுத்தாரு. அப்பவும் ஜெபமாலை, ஜெபமாலைன்னு தேடிச்சு."

"எந்த ஜெபமாலை?"

"எங்க ஆயாவோடது. வேளாங்கண்ணில மந்திரிச்சது. அது இல்லாம அம்மா எங்கியும் போனதில்ல. அதான் உங்க வூட்ல வெச்ச பையில போட்டிருக்கு. சாவி எங்கிட்டதானே கீது, தெனம் துளசிக்குத் தண்ணி ஊத்தப் போறேனே, போயி எடுத்தாறேன்மான்னேன். வேணாம்னுடுச்சு. வெளிய வெச்ச பை உள்ள வந்தா போனவளுக்கு ஆகாது, அவ நல்லபடியா வரட்டும்னுச்சு. மாலைய மட்டும் எடுக்கிறேன்னேன். தொறக்கக்கூடாதுன்னு சொல்லிக்கீறான்னுச்சு. வெறும் விரலை எண்ணிக்கினே ஜெபம் பண்ணிச்சு ஆன்ட்டி, கடைசி வரைக்கும். அடக்கத்தன்னிக்கி கோயில் வாசல் கடையில ஒரு பிளாஸ்டிக் மாலை வாங்கி கையில சுத்தி அனுப்பினோம்."

விஜிக்குக் கண்ணீர் வந்துவிட்டது, காபி டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அதை வாங்கி வைத்துவிட்டு, "அழுவாதீங்க ஆன்ட்டி, நீங்க நல்லபடியா வந்துட்டீங்க இல்ல, அம்மாவுக்கு அதான் சந்தோசம்" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பொய் சொன்னவளுக்கு ஆறுதல். விஜி சாவியை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். அன்றைக்கும் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பூஜை அறையில் சிவப்புப் பை வைத்தது வைத்தபடி இருந்தது. தூசி படியாமல் ஜெசிந்தா மேலே ஒரு துண்டு போட்டிருந்தாள். விஜி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த சாஸ்திரத்தில் பாதிக்கு மேல் நம்பிக்கை கிடையாது, பழக்கம்தான். மேரிக்கோ துளிக்கூடக் கிடையாது. ஆனால் மேரி அதைக் கடைப்பிடித்த மாதிரி விஜியின் வம்சத்தில் ஒருத்தர்கூடக் கடைப்பிடித்ததில்லை. நெஞ்சு வெடிக்க அழுதாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆட்டோ வைத்துக்கொள்ளவில்லை. லஸ்ஸில் பஸ் ஏறினாள். "மாமி, எங்க உங்க ஜோடி?" என்றார் கண்டக்டர். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாந்தோமில் இறங்கிச் சந்துக்குள் நடந்தாள்.

ஜெசிந்தா கதவைத் திறந்தாள். சிவப்புப் பையைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. வாங்கக் கை நீட்டினவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ஒரு நிமிசம். இத்த இப்ப உள்ள கொண்டாரலாமா? உங்களுக்கு ஒண்ணும் ஆவாதே? அம்மா அவ்ளோ சொல்லிச்சே."

எல்லாம் முடிந்த பிறகும் இந்தப் பெண் விஜிக்கு ஆகாதோ என்றுதான் பயப்பட்டாள். கொண்டு வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய் உட்காரலாம். காபி வரும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"கொண்டு வரலாம்டி கொழந்தே" என்றாள். "எப்ப வேணும்னாலும் கொண்டு வந்திருக்கலாம். அப்படி ஒரு சாஸ்திரமே கெடையாது. உங்கம்மா ஒரு மாசம் காத்திருக்கச் சொன்னா. எனக்குக் காத்திருக்க மனசில்லே. அதைச் சொல்ல தைரியம் இல்லாம, பை திரும்பப்படாதுன்னு பொய் சொன்னேன்."

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது.  விஜியின் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மணிகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தமும், அதற்கு மேல் ஒரு அழுகையும் கேட்டது.

விஜி நிலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வரலாமா என்று அவளும் கேட்கவில்லை.